தராசுக்கு முத்திரை உண்டு, சுகர் ரிப்போர்ட்டுக்கு?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறீர்கள். அந்தக் கடைக்காரர் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் தராசுக்குக் குறித்த காலத்துக்கு ஒருமுறை முத்திரை வைத்தாக வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைக்காரர்கள் வந்து சோதிப்பார்கள். முத்திரை இல்லை என்றால் அபராதம். சோதிக்கிறவர் கொண்டு வரும் எடைக்கல் இன்னொரு கல்லோடு ஒப்பிடப்பட்டது, அது இன்னொன்றோடு... இப்படியே போனால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57-ம் எண் கிலோகிராம் கட்டி வரை போகும். (2019 மே மாதத்தில் இருந்து கிலோகிராமுக்கு வரையறையே மாறிவிட்டது, கட்டி போய் மாறிலி வந்துவிட்டது. அது தனிக் கதை.)

அதாவது கத்தரிக்காய்க்கு ஒரு வம்சாவளி இருக்கிறது!

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் தருகிறார்கள். அதில் ஒரே ஒரு எண், தசமப் புள்ளியோடு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒருவர் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவாகிறது. அந்த எண் எந்தத் தராசில் நிறுத்தது, அந்தத் தராசை யார் சரிபார்த்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் சொல்வது ஹெச்பிஏ1சி டெஸ்ட். வீட்டில் பெரியவர்கள் 'மூணு மாச சுகர்' என்பார்களே, அதேதான். இனிமேல் சுருக்கமாக ஏ1சி என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.

பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நம்ம க்ளாஸ் மக்கள் கேட்பார்கள், தெரியும். கீழ்வீட்டு மாமாதான் காரணம். பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், தினம் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஆறு ரவுண்டு. ஒரே வாரத்தில் இரண்டு லேப்பில் ஏ1சி எடுத்தார். ஒன்றில் 7.1, இன்னொன்றில் 6.6. 7.1 என்றால் இன்னொரு மாத்திரை சேர்க்கலாம் என்கிற பேச்சு வரும். 6.6 என்றால் நடையைத் தொடருங்கள் என்பதோடு முடிந்துவிடும். "டேய், நீதான் அக்கவுண்ட்ஸ் படிக்கிறியே, எந்த நம்பரை நம்பறதுன்னு சொல்லு" என்று இரண்டு காகிதத்தையும் என் கையில் கொடுத்துவிட்டார். பேங்க்காரருக்கு இரண்டு லெட்ஜர் டேலி ஆகவில்லை என்றால் தூக்கம் வராது போல.

படிக்க ஆரம்பித்தேன். போகப் போக மாமாவை விட எனக்குத்தான் தூக்கம் போனது.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜனைச் சுமக்கிற லாரி. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் ரொம்பச் சின்ன மூலக்கூறு. அது அந்த லாரியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. யாரும் ஒட்டச் சொல்லவில்லை, என்சைம் எதுவும் நடுவில் கிடையாது. சும்மா இடித்து இடித்து, ஒட்டி, கெட்டிப்படுகிறது. சர்க்கரை அதிகம் இருந்தால் அதிகம் ஒட்டும். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், எத்தனை சதவீதம் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு வந்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கிற சுகர் அன்றைய கல்லாப் பெட்டி என்றால், ஏ1சி காலாண்டுக் கணக்கு. முதல் நாள் பாயசத்தைத் தியாகம் செய்து ஏமாற்ற முடியாது. :-)

1968 வாக்கில் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்கிற மருத்துவர் ஹீமோகுளோபினில் வேறு கோளாறுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஒரு பகுதி வழக்கத்தை விட அதிகமாகத் தெரிவதைக் கவனித்தார். அங்கே ஆரம்பித்ததுதான் இன்று தெருவுக்குத் தெரு விளம்பரத்தில் வந்து நிற்கிறது.

ஒரு சின்ன மூலக்கூறு ஒரு புரதத்தின் மேல் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரொம்ப நேர்மையான வழி ஒன்று உண்டு. எடை போட்டுப் பார்ப்பது!

ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்று ஒன்று இருக்கிறது. அதன் எடை 15,867 டால்டன். (டால்டன் என்றால் ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.) குளுக்கோஸின் எடை 180. ஒட்டும்போது 18 எடையுள்ள ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றுவிடும். மீதி 162. ஆக, ஒட்டாத சங்கிலி 15,867, ஒட்டிய சங்கிலி 16,029. இதையே டால்டனுக்குப் பதில் கிராம் என்று நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 16 கிலோ இருக்கிற ஒரு எல்.கே.ஜி. பையன், டிரவுசர் பாக்கெட்டில் ஒரு கிரிக்கெட் பந்து. கிரிக்கெட் பந்தின் எடை 156-ல் இருந்து 163 கிராம் வரை, கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. பையன்களை வரிசையாகத் தராசில் ஏற்றினால் யார் யாரிடம் பந்து இருக்கிறது என்று பாக்கெட்டைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

இந்தத் தராசுக்குப் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பாடப் புத்தகத்தில் நிறை நிறமாலைமானி. (நான் முதல் பெயரிலேயே இருந்துகொள்கிறேன்.) மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, காற்றில்லாத குழாயில் பறக்கவிட்டு, மின்புலம் அதை எப்படி இழுக்கிறது, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடுவார்கள். சின்ன மூலக்கூறுகளுக்கு இது நூறு வருஷப் பழைய வித்தை. புரதத்தில்தான் சிக்கல். அதைப் பறக்க வைக்கச் சூடாக்கினால் முட்டை மாதிரி வெந்து போகும்.

அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் ஃபென். புரதக் கரைசலை ஊசி முனையில் மின்சாரம் கொடுத்துப் பனி மாதிரித் தெளித்தார். துளிகள் காய்ந்து சுருங்க, கடைசியில் புரதம் மட்டும் மின்னூட்டத்தோடு காற்றில் நிற்கும். அது 1980-களின் கடைசி, அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது. 2002-ல் 85 வயதில் நோபல் வாங்கினார். மூலக்கூறு யானைகளுக்குச் சிறகு கட்டியது என்கிற பொருளில்தான் தன் நோபல் உரைக்குத் தலைப்பு வைத்தார். அதே வருஷம் லேசர் வழியில் இதையே சாதித்ததற்காகப் பங்கு பெற்ற ஜப்பானின் கோய்ச்சி தனாகா ஒரு கம்பெனி எஞ்சினியர். டாக்டர் பட்டம் கூடக் கிடையாது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்.

கெட்டியாக ஒட்டிய சர்க்கரையை மட்டும் இல்லை, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிற மருந்தைக் கூட இந்தத் தராசில் நிறுக்கலாம். 1991-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப்கேபிபி என்கிற புரதத்தையும் எஃப்கே506 என்கிற மருந்தையும் சேர்த்துத் தெளித்தார்கள். இரண்டும் கைகோத்தபடியே பறந்து வந்தன. மொத்த எடை, தனி எடைகளின் கூட்டுத்தொகை. எந்த மருந்து எந்தப் புரதத்தில் உட்காரும் என்று தேடுகிற ஆய்வுகளுக்கு இது ஒரு பெரிய கதவைத் திறந்தது. அந்த எஃப்கே506 வேறு எதுவும் இல்லை, சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் தினம் சாப்பிடும் டாக்ரோலிமஸ்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எடை போட்டால் போதும் என்றேன். முழுக்கப் போதாது. பையனுக்குச் சட்டையிலும் பாக்கெட், டிரவுசரிலும் பாக்கெட். பந்து எந்தப் பாக்கெட்டில் இருந்தாலும் தராசு காட்டும் எடை ஒன்றுதான். ஹீமோகுளோபினிலும் சர்க்கரை பல இடங்களில் ஒட்டும். ஏ1சி என்பது ஒரு குறிப்பிட்ட பாக்கெட், பீட்டா சங்கிலியின் முதல் முனை. அதனால் மருத்துவ வேதியியலாளர்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்சிசி ஒரு வேலை செய்தது. ஓர் என்சைமை விட்டு அந்த முனையில் இருந்து சரியாக ஆறு அமினோ அமிலம் வரும் துண்டை மட்டும் வெட்டினார்கள். அந்தத் துண்டுகளில் எத்தனைக்கு 162 கூடுதல் எடை, எத்தனைக்கு இல்லை? இதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எண்ணினால் கிடைப்பதுதான் உண்மையான ஏ1சி. வேறு எதுவும் அதில் கலக்க முடியாது. (எடைக்குப் பதில் மின்புலத்தில் பிரித்து எண்ணுகிற மாற்று வழி ஒன்றும் அதில் சேர்த்தி.) 2002-ல் இது உலகத்துக்கான அடிப்படை முறையாக வெளிவந்தது. ஏ1சி உலகத்தின் 57-ம் எண் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நல்ல தராசில் நிறுத்துப் பார்த்தபோதுதான் பூதம் கிளம்பியது. நம் ரிப்போர்ட்டில் 7 சதவீதம் என்று வருகிறதே, அது உண்மையில் 5.3 சதவீதம்தான்!

நிஜமாக. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபார்முலாவே இருக்கிறது. உண்மை எண்ணை 0.915-ஆல் பெருக்கி அதோடு 2.15-ஐக் கூட்டினால் நம் ரிப்போர்ட்டில் வரும் எண். அதாவது ஒருவர் உடம்பில் ஒரு ஹீமோகுளோபினில் கூடச் சர்க்கரை ஒட்டவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ரிப்போர்ட் 2.15 என்று காட்டும். நம்மூர் ஆட்டோவில் மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க என்பார்களே, அது மாதிரி ஒரு ரெண்டு பாயிண்ட்.

ஏன் இப்படி? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வருஷக் கணக்கில் தொடர்ந்து பார்த்த டிசிசிடி என்கிற பெரிய ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண், சிறுநீரகம், நரம்பு தப்பும் என்று நிரூபித்த ஆய்வு அது. அன்று கையில் இருந்த கருவி மூலக்கூறுகளை மின்னூட்டத்தை வைத்துப் பிரித்தது. ஏ1சி மாதிரியே மின்னூட்டம் உள்ள வேறு சில சரக்கும் அதே குவியலில் விழுந்தது. எண் கொஞ்சம் ஊதிப் போனது. ஆனால் 7-க்குக் கீழே வையுங்கள் என்கிற மருத்துவ அறிவுரை எல்லாம் அந்த ஊதிய எண்ணை வைத்தே பிறந்துவிட்டது. 1996-ல் என்ஜிஎஸ்பி என்கிற அமெரிக்க அமைப்பு எல்லாக் கருவிகளையும் அந்தப் பழைய எண்ணுக்கே ஒத்துப்போக வைக்கும் வேலையைத் தொடங்கியது. நல்ல தராசு வந்தபோது எண்ணை மாற்றினால் நோயாளிகள் குழம்பிவிடுவார்கள் என்கிற பயம் வந்தது. 7.0-ல் இருந்தவர் திடீரென்று 5.3 என்று பார்த்தால் நேராக ஸ்வீட் கடைக்குத்தான் போவார்! கடைசியில் 2007-ல் ஒரு சமரசம். பழைய சதவீதமும் இருக்கட்டும், ஆயிரத்துக்கு இத்தனை என்று புது அலகும் இருக்கட்டும், ஃபார்முலா நடுவில் பாலமாக இருக்கட்டும். 7 என்றால் 53. நோய் என்று சொல்லும் எல்லையான 6.5 என்றால் 48. பிரிட்டன் 2011-ல் முழுசாகப் புது அலகுக்குப் போய்விட்டது. நாம் சதவீதத்திலேயே இருக்கிறோம்.

இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. காமர்ஸ் படித்தவனுக்கு இது பழகின விஷயம். கையில் இருக்கும் சரக்கு ஒன்றேதான். முதலில் வந்தது முதலில் போனது என்று கணக்குப் போட்டால் ஒரு லாபம், வெயிட்டட் ஆவரேஜ் போட்டால் இன்னொரு லாபம். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் எந்த முறையில் போட்டாய் என்று அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2-ன் படி நீ வெளிப்படையாக எழுதியாக வேண்டும். எழுதாமல் லாபத்தை மட்டும் போட்டால் ஆடிட்டர் விடமாட்டார். நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸ் இல்லாத பேலன்ஸ் ஷீட்டுக்கு நாங்கள் ஃபைனல் இயரில் மார்க் கூடக் கொடுக்க மாட்டோம். ரத்தக் கணக்குக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

மாமாவின் இரண்டு எண்ணுக்கு இப்போது திரும்பலாம். கருவி தயாரிக்கும் கம்பெனிகளுக்கு என்ஜிஎஸ்பி வைத்திருக்கும் தேர்வில் 40 மாதிரிகளில் 36-ஆவது அடிப்படை எண்ணில் இருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாமாவின் உண்மையான எண் 6.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 5 சதவீதம் போனால் 7.14. கீழே போனால் 6.46. ஆக 7.1 கொடுத்த லேப்பும் பாஸ், 6.6 கொடுத்த லேப்பும் பாஸ்! யாரும் ஏமாற்றவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் '7.1' என்று மொட்டையாக இருக்கிறதே தவிர, 'கொஞ்சம் முன்னே பின்னே' என்று எங்கேயும் இல்லை. தசமப் புள்ளியைப் பார்த்ததும் நாம் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

இது வெறும் முன்னே பின்னே சமாச்சாரம். இதை விடப் பெரிய வில்லன்கள் உண்டு.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்கள் ரத்தத்தில் யூரியா ஏறும். அதில் இருந்து வரும் ஒரு துண்டும் ஹீமோகுளோபினின் அதே முனையில் போய் ஒட்டும். மின்னூட்டத்தை வைத்துப் பிரிக்கும் பழைய கருவிகள் சில இதையும் சர்க்கரை என்றே எண்ணிவிட்டன. எடைத் தராசு ஏமாறாது, ஏனென்றால் இந்தத் துண்டு சேர்த்தால் கூடும் எடை 43, சர்க்கரை சேர்த்தால் 162. பந்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் உள்ள வித்தியாசம். அடுத்தது பரம்பரையாக வரும் மாற்று ஹீமோகுளோபின்கள். இது நம்மூரில் இல்லை என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் அரிவாள் செல் குணம் முதன்முதலில் பதிவானதே 1952-ல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்று இரண்டு பேர் எழுதியது. அந்த மாற்றத்தில் பீட்டா சங்கிலியின் எடை 30 குறையும், தராசு உடனே காட்டிக் கொடுத்துவிடும். வங்காளத்திலும் வடகிழக்கிலும் அதிகம் காணும் ஹீமோகுளோபின் ஈ இன்னும் குறும்பானது. எடை வித்தியாசம் வெறும் 1. முழுசாக நிறுத்தால் தராசே திணறும், துண்டு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். இன்று தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் எல்லா மாநிலத்துக்காரர்களும் வேலை பார்க்கிறார்கள். எல்லோரும் நம் லேப்புகளுக்குத்தான் வருகிறார்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லன் ரத்தசோகை. இதைத் தராசாலும் சரிசெய்ய முடியாது என்பதுதான் வேடிக்கை. இரும்புச் சத்துக் குறைவாக இருந்தால் ஏ1சி உண்மையை விட ஏறிக் காட்டும். ஒட்டியிருக்கும் சர்க்கரையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சரியாகத்தான் எண்ணும். ஆனால் அது ஒட்டியதற்குக் காரணம் சுகர் மட்டும் இல்லையே! மாறாக, ரத்தப்போக்கினாலோ வேறு காரணத்தாலோ சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து புதுசு வந்துகொண்டிருந்தால் ஏ1சி இறங்கிக் காட்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் 5-வது சுற்றின்படி (2019-21) நம் நாட்டில் 15-ல் இருந்து 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்!

அடையாறில் இருக்கும் என் சித்திக்கு ஒரு மாஸ்டர் செக்கப்பில் 6.0 வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று அச்சடித்த வாசகம் வேறு. மூன்று மாதம் வீட்டில் சாதத்துக்குத் தடை, காபியில் சர்க்கரைக்குத் தடை, எந்நேரமும் முகத்தில் கவலை. பிறகு பார்த்த ஒரு டாக்டர் முதல் கேள்வியாக ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது சொச்சம். இரும்பு மாத்திரை கொடுத்தார், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் சுகர் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சில மாதத்தில் ஏ1சி-யும் இறங்கிவிட்டது. இரண்டு எண்ணும் ஒரே ரிப்போர்ட்டில், இரண்டு பக்கம் தள்ளித் தள்ளி இருந்தன. யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

சித்தி கதை ஒற்றைக் கதைதானே என்பவர்களுக்கு: 2012-ல் புனேயில் இருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 116 இளைஞர்கள், சராசரி வயது 21 சொச்சம். அதாவது நாம்தான். குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கும் டெஸ்ட்டில் 'வாசலில் நிற்பவர்கள்' சுமார் 8 சதவீதம். அதே ஆட்களை ஏ1சி-யை வைத்துப் பார்த்தால் சுமார் 23 சதவீதம்! அந்த அதிகத்துக்கு ஒரு பகுதிக் காரணம் இரும்புச் சத்துக் குறைவும் ரத்தம் தொடர்பான மற்ற விஷயங்களும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சென்னைக்காரர்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஊரில் சுகர் கணக்கு எடுப்பது ஒரு பரம்பரை. 2001-ல் ஆரம்பித்த 'க்யூர்ஸ்' ஆய்வு சென்னையில் மட்டும் 26,001 பேரைப் பார்த்தது. கோபாலபுரம் மோகன் டாக்டரின் குழுதான். 1989-ல் 8.3 சதவீதமாக இருந்த சர்க்கரை நோய் 2004-ல் 14.3 சதவீதம் ஆகிவிட்டது என்று சொன்னது அந்த ஆய்வுதான். 2023-ல் அவர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்கு நோய், 13.6 கோடிப் பேர் வாசலில் என்றது. இத்தனை கோடிப் பேரின் மாத்திரை ஓர் எண்ணில் தொங்குகிறது என்றால், அந்த எண்ணுக்கு வம்சாவளி கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா?

மாமாவின் டாக்டரிடம் அவர் கேட்டபோது, "ஒரு நம்பரைப் பார்க்காதீங்க, போக்கைப் பாருங்க, ஒரே லேப்ல எடுங்க" என்றாராம். நியாயமான பேச்சு. ஒரே தராசில் நிறுத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றாவது தெரியும். ஆனால் இது ஏற்கெனவே நோய் உள்ளவருக்குச் சரி. முதன்முதலாக 6.4-ஆ 6.5-ஆ என்று நிற்கிறவருக்குப் போக்கு எங்கே இருக்கிறது? மெடிக்கல் பாலிசி எடுக்கப் போகிற 35 வயதுக்காரருக்கு? இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துத்தான் பிரீமியம் போடும். சட்டத்தில் எல்லைக்கோடு என்றால் கோடுதான், 'போக்கு' எல்லாம் அங்கே எடுபடாது.

தெருவுக்குத் தெரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வை என்று நான் கேட்கவில்லை. நல்ல கருவி ஒன்று கோடிக் கணக்கில் போகும், அதை ஓட்டத் தனி ஆள் வேண்டும். கத்தரிக்காய்க் கடையிலும் பிளாட்டினக் கட்டி இல்லையே. அடிப்படைத் தராசு எங்கோ சில இடங்களில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதோடு சங்கிலி கோத்தால் சரி. அந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் இங்கேயே இருக்கின்றன. வேலூர் சிஎம்சி பல வருஷமாக நாடு முழுக்க உள்ள லேப்களுக்கு மாதிரிகள் அனுப்பி, அவர்கள் சொல்லும் எண்ணை ஒப்பிட்டுத் திருப்பிச் சொல்கிறது. என்ஏபிஎல் அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறது, அதை லேப்கள் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம். இங்கேதான் என் சண்டை. தராசு முத்திரை கடைக்காரரின் விருப்பம் இல்லை. ரத்தத் தராசுக்கு மட்டும் விருப்பம்.

சில லேப்கள் ரிப்போர்ட்டில் 'முறை: ஹெச்பிஎல்சி' என்று சின்னதாகப் போடுகிறார்கள். நல்லது. ஆனால் அது 'எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தது' என்று சொல்வது மாதிரிதான். முத்திரை எங்கே? நான் எதிர்பார்ப்பது இரண்டே வரி. இந்தக் கருவி என்ஜிஎஸ்பி சான்றுள்ளதா, ஐஎஃப்சிசி அடிப்படை முறையோடு தொடர்புபடுத்தப்பட்டதா, எங்கள் லேப்பில் முன்னே பின்னே எவ்வளவு என்பது முதல் வரி. அதே ரத்தத்தில் எடுத்த ஹீமோகுளோபின் அளவு இரண்டாவது வரி, ஏ1சி-க்கு நேர் கீழே. ஏற்கெனவே பல ரிப்போர்ட்டுகளில் 'சராசரி குளுக்கோஸ்' என்று ஓர் எண் போடுகிறார்கள். அது தனி டெஸ்ட் இல்லை, ஏ1சி-யை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்த வெறும் கணக்கு. 7-க்கு 154. கால்குலேட்டர் எண்ணுக்கு இடம் இருக்கிறது, கலர் கலராக முழு உடல் பரிசோதனை விளம்பரத்துக்கு இடம் இருக்கிறது. இந்த இரண்டு வரிக்கு இல்லையா?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு தேடிப் போய் சுகர், பிரஷர் பார்க்க ஆரம்பித்தது. வீடு தேடி மாத்திரை கொடுக்க முடிந்த ஊருக்கு, லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி போடச் சொல்லி ஓர் உத்தரவு போடுவது பெரிய காரியமா? 1997-லேயே மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்த ஒரு மாநிலச் சட்டம் இருக்கிறது. விதி சேர்ப்பதற்குப் புதிதாகச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை என்பது என் கட்சி. (பிசினஸ் லா பேப்பரில் நான் 71 மார்க், நம்பலாம்.)

போன வாரம் ஒரு லேப் கவுண்டரில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் மெஷின்ல வர்றது சார்" என்றார் அங்கிருந்த பெண். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்ட முதல் ஆள் நானாக இருக்கலாம். உள்ளே இருந்து டெக்னீஷியன் வந்தார். கருவியின் பெயரைச் சொன்னார், சான்றிதழ் இருக்கிறது என்று ஃபைலைக் கூட எடுத்துக் காட்டினார். தினம் காலையில் கன்ட்ரோல் ஓட்டுகிற நோட்டையும் பிரித்துக் காட்டினார். அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. இத்தனை ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அதை ரிப்போர்ட்டில் ஏன் சொல்லிக்கொள்வதில்லை? "கேட்டா போட்டுடலாம் தம்பி, யாரும் கேக்கறதில்ல" என்றார்.

வீட்டில் யாருக்காவது ஏ1சி எடுக்கப் போகிறீர்கள் என்றால் கூடவே ஒரு ஹீமோகுளோபினும் எடுத்துவிடுங்கள், இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது, குடும்பத்தில் அரிவாள் செல் என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை, என் வேலையோ உங்கள் வேலையோ இல்லை. கவுண்டரில் அந்தச் சான்றுக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.